பல்செட்காரர் எடுத்த நீலப் படங்கள்

பல்செட்காரருக்கு ஊரில் பாதிப் பேருடைய வாய் தெரியும். முகம்தான் ஒன்றும் தெரியாது.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பின்பக்கம், கை கழுவும் இடத்தைத் தாண்டி, ஒற்றை ஜன்னல் வைத்த அறை அவருடையது. டாக்டரம்மா முன்னறையில் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, வெள்ளை வெளேரென்று ஒரு தாடையை வார்த்து, அதன்மேல் மெழுகில் பற்களை வரிசை பிடித்து உட்காரவைப்பார். சட்டை, மீசை, புருவம் என்று எங்கும் ஒரு பூச்சு மாவு இருந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், பேக்கரிக்காரர் யாரோ வழி தவறி வந்துவிட்டார் என்று நினைப்பார்கள்.

அச்சை வைத்தே ஆளைப் பற்றிப் பேசுவார். "இவர் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவர். யார் மேலயோ தீராத கோபம்" என்பார். "இவங்க இடது பக்கம் மட்டும்தான் மெல்றாங்க" என்பார். ஆனால் அந்தக் கோபக்காரர் நெட்டையா குட்டையா என்று கேட்டால் கையை விரித்துவிடுவார். பல் பொருந்திவிட்டால் ஆள் முன்வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பொருந்தாவிட்டால்தான் பல் மட்டும் தனியாகப் பின்னறைக்குத் திரும்பி வரும். ஆக, அவர் கையால் பிறந்தவற்றில் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவற்றை மட்டுமே அவர் மறுபடி பார்த்திருக்கிறார்.

அவருடைய மனைவி மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். கரண்ட் போனால் ஊரே திட்டுகிற நம்பரில், எதிர்முனையில் பேசுகிற குரல் அவளுடையது. நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கி வாங்கி, வீட்டிலும் அந்தக் குரல் ஒட்டிக்கொண்டுவிட்டது. காப்பியில் சர்க்கரை இல்லை என்று இவர் சொன்னால், "உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன். கூடிய சீக்கிரம் ஆள் வருவாங்க" என்பாள். யாரும் வரமாட்டார்கள். இவரே எழுந்துபோய்ப் போட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்குப் பட ஆசை வந்தது ஒரு வீடியோவால். பல்லுக்கு மெருகேற்றும் வித்தை எதையோ தேடப்போய், யாரோ ஒருவர் காகிதத்தில் ஏதோ மருந்தைப் பூசி, அதன்மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டுவதைப் பார்த்துவிட்டார். வெயில் பட்ட இடமெல்லாம் நீலம். இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் வெள்ளை. தண்ணீரில் அலசினால் அந்த நீலம் இன்னும் ஆழமாக ஏறுகிறது. அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார். மருந்துத் தூள்களை வரவழைத்தார். இலையை வைத்தார், சீப்பை வைத்தார், மனைவியின் மூக்குக்கண்ணாடியை வைத்தார். கடைசியில் ஒரு பல்செட்டையே வைத்தார். நீல வானத்தில் வெள்ளையாக ஒரு சிரிப்பு மிதந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியே கதி என்று ஆனார். "உங்க வீட்டுக்காரர் லீவு நாள்ல என்ன பண்ணுவார்?" என்று அலுவலகத்தில் யாரோ கேட்டபோது மனைவி யோசிக்காமல், "மாடியில நீலப் படம் எடுக்கறார்" என்று சொல்லிவைத்தாள். புகார்ப் பிரிவில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் நிலவியதே இல்லையாம். அடித்துக்கொண்டிருந்த போனைக்கூட ஒருவரும் எடுக்கவில்லை. என்ன சொன்னோம் என்று உறைத்ததும் அவள் கையை ஆட்டி ஆட்டி, இலை, சீப்பு, மூக்குக்கண்ணாடி என்று விளக்கப்போக, விஷயம் இன்னும் விபரீதமாகிவிட்டது.

"இனிமே அதை ஊதாப் படம்னு சொல்லுங்க" என்று வீட்டுக்கு வந்து கறாராகச் சொன்னாள்.

"அது ஊதா இல்லையே, நீலம்" என்றார் அவர். நிறத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கமாட்டார். தொழில் அப்படி. பல்லின் வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

மனைவியின் தம்பி பேனர் கடை வைத்திருந்தான். கடையில் ஓய்ந்துபோய் மூலையில் கிடந்த பழைய இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றை, "மாமா, இது இனிமே எனக்கு ஆகாது, நீங்க வச்சு விளையாடுங்க" என்று தூக்கிவந்து கொடுத்தான். அதில் கண்ணாடி போன்ற ஃபிலிம் தாளில் படத்தைத் தலைகீழாக, அதாவது வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும், அச்சடித்துவிட்டால் அதுதான் நெகட்டிவ். அதை மருந்துத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் மனிதர்களின் முகமே நீலத்தில் வந்துவிடும். இலையிலிருந்து மனிதர்களுக்கு அவர் தாவியது இப்படித்தான்.

அந்தச் சமயத்தில் டாக்டரம்மா கிளினிக்கைப் புதுப்பித்தார். காத்திருக்கும் அறையில் நீளமாக ஒரு சுவர் சும்மா கிடந்தது.

"எந்தப் பல் டாக்டர்கிட்ட போனாலும் ஒரே ஆள்தான் சுவத்துல சிரிச்சிட்டு இருக்கான்" என்றார் டாக்டரம்மா. "அவன் யாரு, அவனுக்குப் பல்லுல என்ன கஷ்டம்னு யாருக்குமே தெரியாது. நம்ம பேஷண்ட்டுங்களையே மாட்டினா என்ன? உங்க பல்லைப் போட்டுட்டுச் சிரிக்கிறவங்க. நீங்கதான் ஏதோ நீலமா..." என்று இழுத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். செய்தி அங்கேயும் வந்திருந்தது.

பல்செட்காரருக்கு அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னறையில் போய் நின்றார். சொல்லி அனுப்பியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாங்க்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர், துணிக்கடைக்காரி, தபால்காரர், பாட்டு டீச்சர். ஜன்னலோரம் உட்காரவைத்து, "சிரிங்க" என்றார். சிரித்தார்கள். அவர் படம் எடுக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். மெழுகிலும் மாவிலும் மட்டுமே பார்த்திருந்த பற்கள் ஈரமாக, உயிரோடு, உதட்டுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"எடுத்தாச்சா?" என்று கேஷியர் கேட்டார்.

"இன்னொரு தடவை சிரிங்க சார்" என்றார் இவர், கேமராவைத் தூக்கிக்கொண்டு.

டிரைவிங் ஸ்கூல் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அறுபதை நெருங்கிய அந்த அம்மா, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எமனை அடிக்கடி கிட்டத்தில் பார்த்துவிட்டதாலோ என்னவோ, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. "சிரிங்கம்மா" என்றதற்கு, "எதுக்கு?" என்று கேட்டார். வாயை மூடிய ஒரு படத்தோடு அனுப்பிவைத்தார்.

ஞாயிறன்று கேஷியரின் நெகட்டிவை அச்சடித்தார். மருந்து பூசிய தாளின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டி, தொட்டியில் அலசினார். தண்ணீருக்குள் முகம் மெல்லத் தெளிந்து வந்தது. தலைமுடி பிரமாதம். சட்டைக் காலர் பிரமாதம். பல் மட்டும் நீலம்.

லேசுபாசாக இல்லை. பேனா மையைக் குடித்துவிட்டுச் சிரிக்கிற மாதிரி.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இவர் என்னத்தைக் கடிச்சார்?" என்றாள்.

துணிக்கடைக்காரியையும் தபால்காரரையும் அச்சடித்தார். எல்லோரும் அதே மையைக் குடித்திருந்தார்கள். ஆயுள் முழுக்கப் பல் செய்தவன் எடுத்த படத்தில் பல் நீலமாக வருகிறது என்றால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

டாக்டரம்மாவிடம் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று கேஷியர் படத்தைக் கையோடு கொண்டுபோனார். காத்திருக்கும் அறையில் டிரைவிங் ஸ்கூல் அம்மா உட்கார்ந்திருந்தார். பல்செட்டின் கம்பி ஈறில் உரசுகிறது என்று வந்தவர்.

"என்ன அது?" என்று கையை நீட்டினார். கொடுத்தார். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"இந்த ஆளு என்கிட்டதானே வண்டி கத்துக்கிட்டான்! லைசென்ஸ் வாங்கினதும் என்னைப் பார்த்தா பார்க்காத மாதிரி போவான். நல்லா வேணும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், நாற்காலியே ஆடியது. கண்ணில் தண்ணீர் வர, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்தார். கேமரா பையில் இருந்தது பல்செட்காரரின் அதிர்ஷ்டம். எப்படி எடுத்தார், எப்போது அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது. படம் மட்டும் விழுந்துவிட்டது.

இப்போது பல் வெள்ளையாக வந்தே ஆக வேண்டும்.

முதலில் மச்சானிடம் யோசனை கேட்டது அவர் செய்த தப்பு. பேனர் கடைக்காரனுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து. "மை பத்தலை மாமா. படத்துல வெள்ளையா வர வேண்டிய இடத்துல நெகட்டிவ் கறுப்பா இருக்கணும். அங்க மை கம்மி, வெயில் ஒழுகி உள்ள போகுது. நல்லா ஊத்துங்க."

பாதி உண்மைதான். ஆனால் "நல்லா ஊத்துங்க" என்பதை இவர் மனதார நம்பி ஊற்றினார். ஃபிலிம் காகிதத்தைப் போல மையைக் குடிக்காது. மை குளம் கட்டி நின்றது. காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது கேஷியரின் மூக்கு கண்ணாடியோடு போய்விட்டது. ஒட்டாமல் பிழைத்த ஒரு நெகட்டிவில் பாட்டு டீச்சருடைய பற்கள் வெள்ளையாகத்தான் வந்தன. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே கோடே இல்லாமல், வாய்க்குள் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே பலகையாக வந்தன.

அதன்பிறகு அவர் ஆவேசம் வந்தவர் போல எல்லாவற்றையும் மாற்றினார். காகிதத்தை மாற்றினார், மருந்தைக் கெட்டியாகக் கரைத்தார், வெயிலில் கூடுதலாக வைத்தார். கம்ப்யூட்டரில் 'கர்வ்' என்று ஒன்று இருந்தது, அதையும் கிண்டினார். ஒரு கட்டத்துக்குள் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஏறும் கோடு அது. படத்தில் இவ்வளவு வெளிச்சம் என்றால் ஃபிலிமில் இவ்வளவு மை போடு என்று பிரிண்டருக்குக் கட்டளையிடுவது அந்தக் கோடுதான். எந்த இடத்தில் பிடித்து மேலே இழுக்கிறோமோ அந்த வெளிச்சத்துக்கு மை கூடும். கீழே இழுத்தால் குறையும். இவர் இழுத்த இழுப்பில் அது கோடாக இல்லாமல் பாம்பாகிவிட்டது. படத்தில் தபால்காரருக்குத் தாடி முளைத்தது.

மனைவி துணி உலர்த்த மாடிக்கு வந்தபோது, கொடியில் இடமே இல்லை. நீல மனிதர்கள் வரிசையாகத் தொங்கினார்கள். அடியில் பல்செட்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாளியை இறக்கி வைத்தாள். "சொல்லுங்க சார், என்ன புகார்?"

"விளையாடாதே."

"விளையாடலை. கோளாறு தெரு முழுக்கவா, ஒரு வீட்ல மட்டுமா?"

"புரியலை."

"படம் முழுக்கத் தப்பா வருதா, பல்லுல மட்டுமா?"

யோசித்தார். "பல்லு. கண்ணுல வெள்ளை. நரைமுடி. வெள்ளையா இருக்க வேண்டியது எல்லாமே."

"அப்ப மெயின் லைன் நல்லாத்தான் இருக்கு. கடைசியா எதை மாத்தினீங்க?"

"பேப்பர், மருந்து, வெயில்ல வைக்கற நேரம், மை... எல்லாத்தையும்தான்."

"ஒண்ணா சேர்த்தா?"

"ஆமா."

அவள் அவரைப் பார்த்த பார்வையில், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர்களுக்கு ஒருபோதும் தெரியாத பரிதாபம் இருந்தது. "ஏங்க, வீட்ல இருக்கற ஃபியூஸ் எல்லாத்தையும் ஒரே நேரத்துல பிடுங்கிட்டு, எது போச்சுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது? எல்லாத்தையும் பழையபடி வைங்க. ஒண்ணை மட்டும் தொடுங்க. அதைப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. ஆளு படத்தையும் விடுங்க. இந்த முகத்தை எல்லாம் பார்த்தா உங்களுக்குப் படபடப்பு வருது."

முகத்தை விட்டுவிட்டு என்ன செய்வது? கறுப்பில் தொடங்கிப் படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும் சின்னச் சின்னக் கட்டங்களை வரிசையாக அச்சடித்து, அதையே நெகட்டிவாக்கி வெயிலில் காட்டினார். காய்ந்ததும் கையில் எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டது. இருட்டுப் பக்கத்தில் பல கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீலம். நடுவில் கொஞ்சம் பரவாயில்லை. வெள்ளைப் பக்கம் போகப் போக, வெள்ளை என்று ஒரு கட்டம்கூட இல்லை. கடைசிக் கட்டமே வெளிர்நீலம். அதாவது, இந்தக் கறுப்பு மையை எவ்வளவு போட்டாலும் வெயில் கொஞ்சம் உள்ளே புகுந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு மேல் போட்டால் குளம் கட்டும்.

"அப்ப கறுப்பு மை ஆகாது. கலர் மையைப் பார்க்கலாமே" என்றார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். இருந்தாலும் கூடவே இருந்து, பிரிண்டரில் இருக்கும் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிப் பட்டையாக ஃபிலிமில் அச்சடித்தான். "கறுப்புதான் ஜெயிக்கும். நான் தோத்தா இனிமே உங்களை அண்ணான்னு கூப்பிடறேன் மாமா."

"அக்கா புருஷனை அண்ணான்னா உங்க அக்கா எனக்கு என்ன முறை ஆகும்? வாயை மூடு."

வெயிலில் காட்டி அலசினார்கள். சிவப்புப் பட்டையின் கீழ் தாள் நன்றாக நீலமாகியிருந்தது. கறுப்பின் கீழ் வெளிர்நீலம். மஞ்சள் பட்டையின் கீழ், கண்ணுக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அந்த வெளுத்த மஞ்சளின் கீழ், தாள் பளீரென்று வெள்ளையாக இருந்தது.

மச்சான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மஞ்சளா? இது மஞ்சளுக்கே தெரிஞ்சிருக்காது மாமா."

"நம்ம கண்ணுக்குத்தான் அது மஞ்சள். வெயிலுக்கு அது கதவு" என்றார் பல்செட்காரர். இந்த பிரிண்டரின் மஞ்சள் மை, காகிதத்தை நீலமாக்குகிற வெயிலை மட்டும் பார்த்து வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது. கறுப்போடு அதையும் சேர்த்தால், குளம் கட்டாமலே போதுமான தடுப்பு கிடைத்துவிடும்.

சேர்த்தார். நெகட்டிவ் ஒரு மாதிரி பச்சை கலந்த மஞ்சளில் வந்தது. "கேஷியருக்கு மஞ்சக் காமாலையா?" என்றாள் மனைவி. ஆனால் கட்டங்களின் வரிசையில் கடைசிக் கட்டம் வெள்ளையாகிவிட்டது. கூடவே அதற்கு முந்தைய சில கட்டங்களும் அவசரப்பட்டு வெள்ளையாகிவிட்டன. அதற்குத்தான் கர்வ்.

இப்போது அவர் கோட்டைப் பிடித்து இழுக்கவில்லை, தொட்டார். எந்தக் கட்டம் வெளுத்துப்போனதோ அந்த இடத்தில் கோட்டைக் கொஞ்சம் இறக்கினார். எது இருண்டு கிடந்ததோ அங்கே கொஞ்சம் ஏற்றினார். மறுபடி அச்சு, மறுபடி வெயில், மறுபடி தொட்டி. காய்ந்த தாளை ஜன்னலோரம் வைத்து, பல்லின் நிறம் பார்ப்பதைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். அந்த வித்தியாசம் வரிசை முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும். மேகம் வந்த ஞாயிறுகளில் மேகத்தைத் திட்டினார். பல ஞாயிறுகள் போயின. கோடு கடைசியில் நடுவில் தொய்ந்து, நுனியில் சட்டென்று நிமிர்ந்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர் தலையைத் தூக்கிப் பார்ப்பது போல ஒரு வடிவத்தில் வந்து நின்றது. கட்டங்கள் எல்லாம் ஒழுங்காகப் பிரிந்து நின்றன.

கேஷியரை மறுபடி தொட்டியில் இறக்கினார். பல் வெள்ளை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை போல நீலக்கோடு. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒன்று லேசாகத் திரும்பி நின்றது. சொந்தப் பல் மாதிரி இருக்கட்டும் என்று அதை மெழுகில் வேண்டுமென்றே திருப்பி வைத்த கை இவருடையது. ஈரத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏய், இங்க வா, வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். வந்து பார்த்தவள், பதிவு பண்ணிவிட்டேன் என்றெல்லாம் சொல்லாமல், "அட, மனுஷன் அழகா இருக்காரே" என்றாள்.

தபால்காரர், துணிக்கடைக்காரி, பாட்டு டீச்சர் எல்லோரும் வரிசையாகக் கரையேறினார்கள். டிரைவிங் ஸ்கூல் அம்மாவைக் கடைசிக்கு வைத்திருந்தார், நல்லதைக் கடைசியில் சாப்பிடுகிறவர் மாதிரி.

அந்தப் படம் வந்தபோது தொட்டியின் மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

சிரிப்பு வந்திருந்தது. கண்ணோரத்துத் தண்ணீர்கூட வந்திருந்தது. கூடவே, மேல்வரிசையில் இடது கோரைப்பல் மற்றவற்றைவிட மங்கலாக வந்திருந்தது. கோரைப்பல் எப்போதுமே கொஞ்சம் மங்கல்தான். ஆனால் வலது கோரைப்பல் இவ்வளவு மங்கல் இல்லையே? முதலில் நெகட்டிவைச் சந்தேகப்பட்டார், பிறகு மருந்தை. புதிதாக அச்சடித்தும் பல் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. இத்தனை நாளும் அதில் அவர் சிரிப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

அந்த அச்சை வார்த்து வருடக்கணக்காகிவிட்டது, அதில் என்ன இருந்தது என்று நினைவில்லை. தப்பான நிறத்தில் ஒரு பல்லை எடுத்து வைத்திருக்கிறோம். வெள்ளையில் அவர் தவறமாட்டார் என்று டாக்டரம்மா ஊரெல்லாம் சொல்கிறார். அந்த அம்மா இத்தனை வருடம் இந்தப் பல்லோடுதான் ஊரில் நடமாடியிருக்கிறார். அதனால்தான் சிரிக்கவே இல்லையோ? இந்த எண்ணம் வந்ததும் அவரால் உட்கார முடியவில்லை.

கர்வில் அந்த ஒரு புள்ளியைச் சும்மா கொஞ்சம் தூக்கினால் போதும், பல் வெளுத்துவிடும் என்று கை பரபரத்தது. தூக்கியும் பார்த்தார். பல் வெளுத்தது. ஆனால் கோட்டுக்குப் பல் எது, கன்னம் எது என்று தெரியாது. அந்த அளவு வெளிச்சம் முகத்தில் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் வெளுத்தது. கண்ணோரத்துத் தண்ணீர் காணாமல் போனது. நரைமுடியின் இழைகள் ஒன்றாகி, தலையில் பஞ்சை ஒட்டிய மாதிரி ஆனது. சிரிக்கிற அம்மா போய், பொம்மை ஒன்று வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தது. கோட்டைப் பழைய இடத்துக்கே இறக்கினார். படத்தைச் சுருட்டிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கு நடந்தார்.

வாசலில் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துப்போய் ஒரு நடுவயது ஆள். பக்கத்தில் அம்மா.

"ஒரு முக்கியமான விஷயம்மா" என்றார் இவர் ஜன்னலில் குனிந்து.

"பின்னாடி ஏறுங்க தம்பி, பேசிட்டே போகலாம். நீங்க கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவான்னு சொன்னேன்!"

வண்டி தவளை போலத் துள்ளிக் கிளம்பியது. பல்செட்காரரின் தலை கூரையில் இடித்தது.

"அம்மா, உங்க பல்லு விஷயத்துல நான் ஒரு தப்பு..."

"லெஃப்ட்ல சைக்கிள். பாருங்க, பாருங்க. ம், சொல்லுங்க தம்பி."

"மேல் வரிசையில இடது கோரைப்பல்லு. நிறத்தை மாத்தி வச்சிட்டேன். இப்பதான் படத்துல பார்த்தேன். புதுசா செஞ்சு தந்திடறேன்மா. டாக்டர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை வாய்க்குள் விட்டு, அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தார். "இதுவா?"

"அதேதான்மா."

"இது என் சொந்தப் பல்லு தம்பி. மத்ததுதான் உங்களுது."

பல்செட்காரர் வாயைத் திறந்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதால் தானாகவே மூடிக்கொண்டது.

"மேல இது ஒண்ணுதான் மிச்சம். பிடுங்கிடலாம்னு டாக்டர் சொன்னாங்க, நான்தான் விடலை. நீங்க செட் பண்ணிக் குடுத்தப்ப ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியலை. எது உங்க பல்லு, எது என் பல்லுன்னு எனக்கே குழம்பும். உங்களுது அப்படியே இருக்கு. என் பல்லுக்குத்தான் வயசாகிட்டுப் போகுது. பிரேக்! பிரேக்கைப் போடுங்க!"

வண்டி நின்றது. ஓட்டுகிற ஆள் கண்ணாடி வழியே பின்னால் பார்த்து, "அப்படீன்னா மத்ததெல்லாம் பல்செட்டா மேடம்?" என்றார் நம்பமுடியாமல். "நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் அம்மா.

பல்செட்காரருக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. அப்புறம் சிரித்தார், மீசையிலிருந்து மாவு உதிர உதிரச் சிரித்தார். அம்மா திரும்பி, சுருட்டி வைத்திருந்த படத்தை வாங்கி விரித்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

"நான் இப்படியா சிரிப்பேன்?" என்றார் மெல்ல. பிறகு, "இதுல ஒண்ணு எனக்கும் வேணும் தம்பி."

படங்கள் கிளினிக் சுவரில் ஏறின. காத்திருப்பவர்கள் போனை விட்டுவிட்டு எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு நாள் பின்னறைக்கு ஆள் விட்டு இவரை முன்னால் கூப்பிட்டார். பல்செட் கட்ட வந்த ஒருவர் டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் படத்தைக் காட்டி, "எனக்கு இந்த மாதிரி வேணும். ஒரு பல்லு மட்டும் வெள்ளை கொஞ்சம் கம்மியா இருக்கு பாருங்க, அதனாலதான் நிஜப் பல்லு மாதிரி இருக்கு" என்றாராம். இவர் படத்தையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. "செஞ்சிடலாம் சார்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து முன்பல் கட்டுகிற ஆட்களை முதலில் இவர் பார்த்துப் பேசிவிட்டுத்தான் மெழுகைத் தொடுகிறார். டாக்டரம்மா ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு முக்காலி போட்டுவிட்டார்.

அம்மா கேட்ட பிரதியைக் கண்ணாடி போட்டு டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் மாட்டிவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்கள், அது அவருடைய தங்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்துக்குப் பணம் வேண்டாம் என்று பல்செட்காரர் சொல்லிவிட்டதால், பதிலுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவதாக அம்மா பிடிவாதம் பிடித்தார். இவர் வேண்டாம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனைவிதான் அவரைப் பிடித்து அனுப்பிவைத்தாள்.

இப்போது வாரத்தில் சில காலைகள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அம்மா சாலையைப் பார்த்தபடி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் இருக்கிறார். மூன்றாவது கியர் எங்கே இருக்கிறது என்று இன்னும் பல்செட்காரரின் கைக்குத் தெரியவில்லை.